பட்டகோனியாவில் வெல்ஷ்காரர்கள் வெட்டிய வாய்க்கால்

கேள்வி இதுதான்: "அர்ஜென்டினாவின் தெற்கே, பட்டகோனியாவில் கைமான் என்று ஒரு ஊர் இருக்கிறது. அங்கே இன்னும் சிலர் வீட்டில் வெல்ஷ் மொழி பேசுகிறார்களாம். பிரிட்டனில் இருந்தவர்கள் போயும் போயும் ஒரு பாலைவனத்தில் போய் எப்படி விவசாயம் செய்தார்கள்? மொழியைக் காப்பாற்றத்தான் போனார்கள் என்கிறார்களே, உண்மையா?"

கிளம்பியது மொழிக்காகத்தான். அங்கே தங்க முடிந்தது தண்ணீரால். இதைப் பற்றி எழுதுகிறவர்கள் பெரும்பாலும் முதல் பாதியைச் சொல்லி உருகிவிட்டு, நேராக இன்றைய டீக்கடைப் படத்துக்குத் தாவிவிடுகிறார்கள். நடுவில் இருக்கும் வாய்க்காலை யாரும் எட்டிப் பார்ப்பதில்லை. வாய்க்கால் பாசன ஊரில் வளர்ந்தவன் என்பதால் எனக்கு அந்த இடம்தான் முதலில் கண்ணில் படுகிறது. கொஞ்சம் நீளமாகவே சொல்கிறேன்.

வெல்ஷ்காரர்களின் ஊர், பிரிட்டனின் மேற்கே இருக்கும் வேல்ஸ். 19ஆம் நூற்றாண்டு வேல்ஸில் நிலம் ஒரு பக்கம், மொழி ஒரு பக்கம். நிலக்கிழார்கள் ஆங்கிலம் பேசினார்கள், ஆங்கிலிகன் சபைக்குப் போனார்கள். குத்தகைக்காரர்கள் வெல்ஷ் பேசினார்கள், தாங்களே கட்டிக்கொண்ட சிற்றாலயங்களுக்குப் போனார்கள். ஆனாலும் தாங்கள் கால் வைக்காத ஆங்கிலிகன் சபைக்குத் தசமபாகம் கட்டியாக வேண்டும். 1847இல் வேல்ஸின் கல்வி நிலையை ஆராய லண்டனிலிருந்து மூன்று பேரை அனுப்பினார்கள். மூவருக்கும் வெல்ஷ் தெரியாது. மக்கள் பின்தங்கியிருப்பதற்கு அவர்களுடைய மொழியும் ஒரு காரணம் என்று எழுதி வைத்துவிட்டுப் போனார்கள். அந்த அறிக்கையின் அட்டை நீல நிறம். 'நீலப் புத்தகங்களின் துரோகம்' என்றுதான் இன்றும் அதை வேல்ஸில் சொல்கிறார்கள்.

பல பள்ளிகளில் ஒரு மரத்துண்டு இருந்தது. வெல்ஷில் ஒரு வார்த்தை பேசிவிட்ட பிள்ளையின் கழுத்தில் அதை மாட்டுவார்கள். அந்தப் பிள்ளை அடுத்து யார் வெல்ஷ் பேசுகிறது என்று காது கொடுத்துக் கேட்டு, அதன் கழுத்துக்கு மாற்றிவிட வேண்டும். பள்ளி விடும் நேரத்தில் யார் கழுத்தில் தொங்குகிறதோ அந்தப் பிள்ளைக்கு அடி. ஒரு மொழியை அதன் பிள்ளைகளை வைத்தே காட்டிக்கொடுக்க வைக்கும் ஏற்பாடு.

பாலா என்ற ஊரில் மதக் கல்லூரி முதல்வராக இருந்த மைக்கேல் டி. ஜோன்ஸ் அமெரிக்காவின் ஒஹாயோவைப் பார்த்தவர். அங்கே குடியேறிய வெல்ஷ் குடும்பங்களுக்குச் சோற்றுக்குக் குறைவில்லை. ஆனால் பிள்ளைகள் ஆங்கிலம் பேச ஆரம்பித்துவிட்டிருந்தார்கள். அவர் வந்து சேர்ந்த முடிவு: ஆங்கிலம் காதில் விழாத இடத்துக்குக் கூட்டமாகப் போக வேண்டும், அங்கே நாம் பெரும்பான்மையாக இருக்க வேண்டும். வான்கூவர் தீவு, பாலஸ்தீனம் எல்லாம் பேச்சில் அடிபட்டன. கடைசியில் பட்டகோனியா. அர்ஜென்டினா அதைத் தன்னுடையது என்று சொல்லிக்கொண்டிருந்தது, ஆனால் அங்கே அதற்கு ஆள் இல்லை. சிலியும் அதே நிலத்துக்குக் கண் வைத்திருந்தது. ஆகவே யாராவது போய் உட்கார்ந்தால் நல்லது என்று உள்துறை அமைச்சர் கில்லர்மோ ராவ்சன் நிலமும் உதவியும் தருவதாகச் சொன்னார். ஜோன்ஸ் கேட்டது வெல்ஷ்காரர்களின் தனி ஆட்சி. அர்ஜென்டினா கொடுக்க நினைத்தது தன் கொடியின் கீழே கொஞ்சம் நிலம். இந்த இரண்டுக்கும் இடையில் இருந்த வித்தியாசத்தைக் கிளம்பும் அவசரத்தில் யாரும் பெரிதாக எடுத்துக்கொண்டதாகத் தெரியவில்லை.

லூயிஸ் ஜோன்ஸ், லவ் ஜோன்ஸ்-பாரி என்ற இருவர் முன்கூட்டியே போய் இடத்தைப் பார்த்துவிட்டு வந்தார்கள். வந்து அவர்கள் சொன்ன வர்ணனை, நம்மூர் மனைப்பிரிவு விளம்பரத்துக்குக் கொஞ்சமும் சளைத்ததல்ல. புல்வெளி, கால்நடை, வளமான ஆற்றுப் படுகை. ஆறு இருந்தது உண்மை. அதன் பெயர் சுபூத். அதைத் தவிர மற்றது கற்பனை.

1865 மே 28 அன்று லிவர்பூலிலிருந்து 'மிமோசா' கிளம்பியது. சீனத் தேயிலை ஏற்றிவந்து ஓய்ந்த பழைய பாய்மரக் கப்பல். முதலில் பேசியிருந்த கப்பல் நேரத்துக்கு வராததால் இதைப் பிடித்து, உள்ளே பலகை அடித்து ஆட்கள் தங்க இடம் பண்ணினார்கள். செலவில் பெரும்பகுதி மைக்கேல் ஜோன்ஸின் மனைவி ஆனின் பணம். ஏறக்குறைய 150 பேர். அவர்களில் சுரங்கத் தொழிலாளிகள், கல்குவாரி ஆட்கள், தச்சர், தையல்காரர், செருப்புத் தைப்பவர், பிரசங்கிகள் எல்லாம் உண்டு. மண்ணைத் தெரிந்த விவசாயிகள் விரல்விட்டு எண்ணும் அளவுதான். ஒரு விவசாய ஊரைத் தொடங்கப் போன கூட்டம் இது!

ஜூலை 28 அன்று, இன்று புவர்ட்டோ மாட்ரின் இருக்கும் விரிகுடாவில் இறங்கினார்கள். ஜோன்ஸ்-பாரியின் குடும்ப எஸ்டேட் பெயர்தான் 'மாட்ரின்'. வேல்ஸில் ஜூலை கோடைக்காலம், அங்கே நடுக்குளிர். குடிக்கத் தண்ணீர் இல்லை. கடலோரத்து மென்பாறையைக் குடைந்து அதற்குள் ஒண்டினார்கள். அந்தக் குழிகளை இன்றும் காட்டுகிறார்கள். சுபூத் ஆறு அங்கிருந்து தெற்கே 60 கிலோமீட்டருக்கு மேல், இடையில் முள்ளும் சரளையும். ஆண்கள் நடந்தார்கள். பெண்களும் பிள்ளைகளும் ஒரு சிறு கப்பலில் கடல் வழியாக ஆற்று முகத்துக்குப் போனார்கள். அந்தப் பயணம் நடந்து போனதைவிடக் கொடுமையாக முடிந்தது. செப்டம்பர் 15 அன்று ஆற்றங்கரையில் அர்ஜென்டினா ராணுவ அதிகாரி ஒருவர் வந்து கொடியேற்றினார். ஊருக்கு அமைச்சரின் பெயரையே வைத்தார்கள்: ராவ்சன்.

அடுத்த இரண்டு வருடம் பட்டினிக் கணக்கு. விதைத்துவிட்டு மழைக்கு வானத்தைப் பார்த்தார்கள். மழை நிற்காத நாட்டிலிருந்து வந்தவர்களுக்குப் பயிர் என்றால் தானாக நனைவது என்றுதான் பழக்கம். சுபூத் பள்ளத்தாக்கில் வருடம் முழுக்க 200 மில்லிமீட்டர் மழை வந்தாலே பெரிது. பசுமையாகத் தெரிந்த ஆற்றோரப் புல் நிலத்தில் கோதுமை போட்டார்கள், கருகியது. புல்லே முளைக்காத கறுப்பு மண்ணை மலடு என்று ஒதுக்கினார்கள். 1867இல் எல்லாரும் மூட்டை கட்டிவிட்டார்கள். இன்னும் ஒரு வருடம் பாருங்கள் என்று பியூனஸ் அயர்ஸ் அரசு தானியம் கொடுத்து நிறுத்தி வைத்தது.

அந்த வருடம் நவம்பரில் நடந்ததை அந்த ஊர்க்காரர்கள் இன்றும் சொல்கிறார்கள். ஆரன் ஜென்கின்ஸ் அந்த மலட்டுக் கறுப்பு மண்ணில்தான் கோதுமை விதைத்திருந்தார். முளைத்து, வாட ஆரம்பித்தது. அவரும் மனைவி ரேச்சலும் வயலோரத்தில் நின்று பார்க்கிறார்கள். ஆறு கரை தொட்டுப் போகிறது. மேற்கே ஆண்டிஸ் மலையின் பனி உருகி வரும் மாதம் அது. ஆற்றின் தண்ணீர் மட்டம் வயலைவிடக் கொஞ்சம் உயரத்தில் இருக்கிறது. கரையை வெட்டிவிட்டால் தண்ணீர் தானாக வயலுக்கு இறங்காதா என்று கேட்டது ரேச்சல். ஆரன் மண்வெட்டியை எடுத்தார். தண்ணீர் இறங்கியது. சில நாளில் பயிர் நிமிர்ந்துவிட்டது. அக்கம்பக்கத்தார் வந்து பார்த்துவிட்டு, அவரவர் கரையை வெட்டப் போனார்கள்.

நமக்கு இது சின்னப் பிள்ளைக்கும் தெரிந்த விஷயம்தானே என்று தோன்றும். ஆனால் பாசனம் என்ற சொல்லுக்கே தேவை இல்லாத ஊரிலிருந்து வந்தவர்கள் இரண்டு வருடம் ஆற்றின் பக்கத்திலேயே பசித்துக் கிடந்தார்கள் என்பதை யோசித்தால்தான் ரேச்சலின் கேள்வி எவ்வளவு பெரியது என்று புரியும். கையில் இருக்கும் அறிவு மண் மாறினால் செல்லாக்காசாகிவிடும். அவர்கள் மலடு என்று ஒதுக்கிய மண்தான் அந்தப் பள்ளத்தாக்கின் நல்ல மண்.

கரையை வெட்டுவது முதல் படி மட்டும்தான். ஆறு நிறைந்து போகிற வருடம் வயலுக்குத் தண்ணீர் ஏறும். மட்டம் இறங்கிய வருடம் மடை காய்ந்து கிடக்கும். இதற்கு ஒரே வழி, ஆற்றின் மேல்பக்கம் வெகுதூரம் போய்த் தலைமடை வைத்து, அங்கிருந்து ஆற்றைவிடக் குறைந்த சரிவில் வாய்க்காலை இழுத்துக்கொண்டு வருவது. அப்படிச் செய்தால் ஆறு இறங்க இறங்க வாய்க்கால் உயரத்திலேயே நிற்கும். சொல்வது ஒரு வரி. வெட்டுவது பல வருட வேலை. அளவெடுக்கத் தெரிந்தவர்கள் இரண்டொருவர், மீதி மண்வெட்டிதான். இங்கேதான் சுரங்கத்திலும் குவாரியிலும் வேலை பார்த்த கை உதவியது. ஏர் பிடிக்கத் தெரியாதவர்களுக்கு மண் தோண்டத் தெரிந்திருந்தது. 1880களில் வடகரையிலும் தென்கரையிலும் பெரிய வாய்க்கால்கள் ஓடின. விவசாயிகளே பங்குதாரர்களாக வாய்க்கால் கம்பெனிகள் வைத்து நடத்தினார்கள்.

கைமான் இந்தக் காலத்துப் பிள்ளை. 1874இல் டேவிட் ராபர்ட்ஸ் என்பவர் அங்கே கட்டிய கல்வீடுதான் ஊரின் முதல் வீடு. இப்போது அதைக் காட்சிக்கு வைத்திருக்கிறார்கள். வேல்ஸிலிருந்தும் அமெரிக்காவிலிருந்தும் அடுத்த தொகுதி ஆட்கள் வந்து சேர்ந்த வருடங்கள் அவை. கைமான் என்பது வெல்ஷ் சொல் இல்லை. தெவெல்ச்சே என்னும் அந்நிலத்துப் பழங்குடியினரின் சொல். கல் முனை, சாணைக்கல் என்று பொருள் சொல்கிறார்கள். ராவ்சன் ஆற்று முகத்தில் இருந்தது, கைமான் மேலே, வாய்க்கால் தண்ணீர் முன்னால் வரும் இடத்தில். 1885இல் கைமானுக்கு நகராட்சி வந்தது; சுபூத்தில் அதுதான் முதல் நகராட்சி.

அதே 1885இல் இன்னொன்றும் தொடங்கியது. சுபூத் ஆற்றுக்கு வெல்ஷ்காரர்கள் வைத்த பெயர் காம்வி. அந்தப் பெயரில் ஒரு வியாபாரக் கூட்டுறவு. கோதுமையை மொத்தமாக வாங்கி விற்பது, கலப்பை, துணி, சர்க்கரையை மொத்தமாக வரவழைப்பது, நடுவில் பியூனஸ் அயர்ஸ் தரகன் கையில் சிக்காமல் இருப்பது. கிளைகள், கிட்டங்கிகள், கணக்கர்கள் என்று வளர்ந்தது. கோதுமையை ஏற்றுமதி செய்ய ஆற்று முகம் உதவவில்லை, மணல் மேடு கப்பலைத் தடுத்தது. ஆகவே மாட்ரின் துறைமுகத்துக்கு ரயில் போட்டார்கள். 1886இல் வேலையாட்கள் கப்பலில் வந்தார்கள், 1888இல் சுமார் 70 கிலோமீட்டர் பாதை முடிந்தது. ரயில் தொடங்கிய இடத்தில் முளைத்த ஊருக்கு லூயிஸ் ஜோன்ஸின் பெயர்: வெல்ஷில் 'ட்ரெ' என்றால் ஊர், லூயிஸ் என்பதைச் சுருக்கி 'ட்ரெலியூ'. 1889 பாரிஸ் கண்காட்சியிலும் 1893 சிகாகோ கண்காட்சியிலும் சுபூத் கோதுமை பரிசு வாங்கியது. ரேச்சல் கரையை வெட்டச் சொல்லி அப்போது முப்பது வருடம்கூட ஆகவில்லை.

நீங்கள் கேட்ட மொழி விஷயத்துக்கு இதில்தான் பதில் இருக்கிறது. வெல்ஷ் அங்கே ஞாயிற்றுக்கிழமை மொழியாக மட்டும் இருந்திருந்தால் இரண்டாம் தலைமுறையோடு முடிந்திருக்கும். வாய்க்கால் கம்பெனிக் கூட்டத்தில் யாருக்கு எத்தனை மணி நேரம் தண்ணீர் என்று சண்டை போட்டது வெல்ஷில். கூட்டுறவின் கணக்குப் புத்தகம் வெல்ஷில். பள்ளிப் பாடம் வெல்ஷில். பிரசுரிக்க யாரும் இல்லாததால் அவர்களே பாடப்புத்தகம் எழுதினார்கள். 1891இல் லூயிஸ் ஜோன்ஸ் 'அ த்ரவோட்' என்று ஒரு பத்திரிகை தொடங்கினார். ஸ்பானிய வியாபாரி கடன் வசூலிக்க வேண்டுமென்றாலும் நாலு வார்த்தை வெல்ஷ் கற்றுக்கொள்ள வேண்டியிருந்தது. வயிற்றுப்பாடு எந்த மொழியில் நடக்கிறதோ அந்த மொழிக்கு உயிர் இருக்கும்.

தெவெல்ச்சேக்களைச் சொல்லாமல் இந்தக் கதையைச் சொன்னால் பாதிப் பொய். குடியேறிய நிலம் அவர்கள் வேட்டையாடிய நிலம். 1866இல் முதன்முதலில் ஒரு தலைவரும் மனைவியும் வந்தபோது ஊரில் கல்யாணம் நடந்துகொண்டிருந்ததாம்; எல்லாரும் நடுங்கிப்போனார்கள். பிறகு பழகிவிட்டார்கள். குவனாக்கோ என்ற ஒட்டக இன மிருகத்தின் இறைச்சி, தோல், ரியா பறவையின் இறகு எல்லாம் அந்தப் பக்கத்திலிருந்து. ரொட்டியும் வெண்ணெயும் இந்தப் பக்கத்திலிருந்து. குதிரை மேல் இருந்தபடி கயிற்றில் கட்டிய கல்லை வீசி மிருகத்தை வீழ்த்தும் வித்தையை வெல்ஷ் பையன்களுக்குக் கற்றுக்கொடுத்தது அவர்கள்தான். அந்த முதல் வருடங்களில் அது இல்லாவிட்டால் பலர் செத்திருப்பார்கள். ரொட்டிக்கு வெல்ஷில் 'பாரா'. அந்தச் சொல் தெவெல்ச்சேக்களுக்கும் பழகிப்போனது.

1879இலிருந்து அர்ஜென்டினா ராணுவம் 'பாலைவனப் படையெடுப்பு' என்ற பெயரில் பழங்குடிகளைத் துடைத்தெடுத்தது. பாலைவனம் என்று பெயர் வைத்துவிட்டால் அங்கே மனிதர்கள் இருந்ததாகவே ஆகாது அல்லவா. தங்களுக்குப் பழக்கமானவர்களை விட்டுவிடும்படி 1883இல் வெல்ஷ்காரர்கள் ஒரு மனு எழுதிக் கொடுத்தார்கள். பலன் இல்லை. அந்தப் பகையின் நடுவே 1884 மார்ச்சில் பொன் தேடி உள்ளே போன நான்கு வெல்ஷ் இளைஞர்களில் மூவர் பழங்குடியினர் கையில் கொல்லப்பட்டார்கள். ஜான் டேனியல் எவன்ஸ் மட்டும் மலகாரா என்ற தன் குதிரையில் ஒரு செங்குத்துச் சரிவில் பாய்ந்து தப்பினார். அதே எவன்ஸ்தான் பிற்பாடு வால்செட்டா என்ற இடத்தில், கம்பி வேலிக்குள் அடைத்துவைக்கப்பட்ட பழங்குடிகளைப் பார்த்ததைக் குறித்து வைத்திருக்கிறார். வேலிக்குள்ளிருந்து ஒருவன் "பாரா, பாரா" என்று கூப்பிடுகிறான். சிறுவயதில் தன்னோடு விளையாடியவன். அவனை மீட்கப் பணம் சேர்த்துக்கொண்டு எவன்ஸ் திரும்பி வந்தபோது அவன் இறந்துவிட்டிருந்தான். வெல்ஷ்காரர்களின் அர்ஜென்டினா வரலாற்றில் நான் மறக்க நினைத்தாலும் மறக்காத இடம் இது. தன் மொழிக்கு இடம் தேடி வந்தவர்களின் ஒரு சொல், இடத்தைப் பறிகொடுத்தவன் வாயில்.

குடியேற்றம் கையைவிட்டு நழுவ ஆரம்பித்ததும் அதே காலம்தான். ஆரம்பத்தில் தங்களுக்குத் தாங்களே சட்டம் எழுதி, 18 வயதுக்கு ரகசிய வாக்கு என்று வைத்து நடத்திக்கொண்டிருந்தவர்கள். அரசு பிறகு ஆளுநரை அனுப்பியது, பள்ளிகளில் ஸ்பானிய மொழியைக் கொண்டுவந்தது. இளைஞர்களுக்கு ராணுவப் பயிற்சி என்றது, அதுவும் ஞாயிற்றுக்கிழமையில். ஞாயிறன்று கடையே திறக்காத ஜனம். சண்டை ஜனாதிபதி ரோக்கா வரை போய்த்தான் தீர்ந்தது.

1899 ஜூலையில் ஆறு திரும்பி அடித்தது. ராவ்சன், கைமான், பண்ணைகள் எல்லாம் தண்ணீரில். மண்ணால் கட்டிய வீடுகள் கரைந்தன, சிற்றாலயங்கள் விழுந்தன, முப்பது வருடம் வெட்டிய வாய்க்கால்கள் வண்டல் மூடின. அடுத்தடுத்த வருடங்களிலும் வெள்ளம். 1902இல் இருநூறுக்கும் மேற்பட்டவர்கள் கனடாவின் சஸ்கட்செவானுக்குக் கிளம்பிவிட்டார்கள், யாருடைய மொழியிலிருந்து தப்பி வந்தார்களோ அதே ஆங்கிலத்துக்கு. அதே வருடம் ஏப்ரல் 30 அன்று மேற்கே ஆண்டிஸ் அடிவாரத்தில் குடியேறியிருந்த வெல்ஷ்காரர்களை, சிலியோடு இருந்த எல்லைத் தகராறை விசாரிக்க வந்த பிரிட்டிஷ் அதிகாரி தாமஸ் ஹோல்டிச் கேட்டார்: உங்களுக்கு எந்த நாடு? அர்ஜென்டினா என்றார்கள். எல்லைக்கோடு அதன்படியே விழுந்தது. ராவ்சன் அமைச்சர் போட்ட கணக்கு பலித்தது என்று சொல்ல வேண்டும்.

கைமானில் இருந்தவர்கள் சேற்றை அள்ளிவிட்டு மறுபடி கட்டினார்கள். 1906இல் காம்வி கல்லூரி என்ற இடைநிலைப் பள்ளியைத் தொடங்கினார்கள். கோதுமைக்குப் பதிலாகக் குதிரைமசால் போட்டு, தீவனமும் விதையுமாக விற்றார்கள். காற்றைத் தடுக்க நட்ட பாப்லர் மர வரிசைகள்தான் இன்றைக்கு அந்தப் பள்ளத்தாக்கின் அடையாளம். ஆனால் முதல் உலகப்போருக்குப் பிறகு வேல்ஸிலிருந்து ஆள் வரவில்லை. இத்தாலியர், ஸ்பானியர், போர்த்துகீசியர் வந்தார்கள். 1930களின் மந்தத்தில் காம்வி கூட்டுறவு திவாலானது. அதில் சேமிப்பு போட்டிருந்த குடும்பங்களும் சேர்ந்து விழுந்தன. 1940களில் வாய்க்கால் நிர்வாகம் அரசு கைக்குப் போனது. இனி தண்ணீர் கேட்டு எழுத வேண்டியது ஸ்பானிய மொழியில். 1950இல் காம்வி பள்ளியும் மூடியது. வெல்ஷ் சிற்றாலயத்துக்குள்ளும் பாட்டிகளின் அடுப்பங்கரைக்குள்ளும் ஒடுங்கியது இந்த இருபது வருடத்தில்தான். ராணுவமோ சட்டமோ செய்ததைவிட, கூட்டுறவின் கணக்குப் புத்தகம் மூடியது அதிகம் செய்துவிட்டது என்பது என் கட்சி. பள்ளிச் சட்டம்தான் முக்கியம் என்று வாதிடுகிறவர்களும் உண்டு. அவர்கள் சொல்வதை முழுக்கத் தள்ளவும் முடியாது.

1963இல் பள்ளத்தாக்குக்கு மேலே ஃப்ளோரென்டினோ அமெகினோ அணை முடிந்தது. வெள்ளப் பயம் தீர்ந்தது. வடிகால் சரியில்லாத நிலங்களில் உப்புப் பூப்பது மட்டும் வாய்க்கால் பாசன ஊர்களுக்கே உரிய தலைவலியாக அங்கும் இருக்கிறது. அதே வருடம் காம்வி பள்ளியும் மறுபடி திறந்தது. 1965இல் குடியேற்றத்தின் நூற்றாண்டுக்கு வேல்ஸிலிருந்து ஆட்கள் வந்து, இங்கே தங்கள் மொழியைப் பேசுகிறவர்கள் இருக்கிறார்கள் என்று கண்டு அசந்துபோனார்கள். தாத்தாக்களுக்கு ஸ்பானியச் சாயலில் வெல்ஷ் வந்தது, ஆங்கிலம் ஒரு வார்த்தை வராது. வேல்ஸில் அப்படி ஒருவரைத் தேடிப் பிடிப்பதே கஷ்டம். 1997இலிருந்து வேல்ஸ் ஆண்டுதோறும் ஆசிரியர்களை அனுப்புகிறது. கைமானிலும் ட்ரெலியூவிலும் பிள்ளைகளுக்கு வெல்ஷும் ஸ்பானியமும் சேர்த்துச் சொல்லித்தரும் பள்ளிகள் நடக்கின்றன. பேசத் தெரிந்தவர்கள் சுபூத் முழுக்கச் சில ஆயிரம் பேர் இருக்கலாம்.

இப்போது கைமானுக்குப் போகிறவர்கள் டீக்கடைகளுக்குத்தான் போகிறார்கள். உலர்பழமும் கருப்பட்டி நிறச் சர்க்கரையும் போட்ட கறுப்பு கேக், வெண்ணெய் தடவிய ரொட்டி, பின்னல் உறை போட்ட கெண்டியில் டீ. 1995இல் இளவரசி டயானா வந்து டீ குடித்த கடையில் அவர் குடித்த கோப்பையைக் காட்டுவார்கள். அந்தக் கறுப்பு கேக் வேல்ஸில் இதே வடிவில் கிடையாது. பட்டகோனியாவில் கைக்குக் கிடைத்ததை வைத்து, பல நாள் கெடாமல் இருக்கச் செய்தது. கோப்பையைப் பார்த்து முடித்ததும் ஊரின் ஓரமாகப் பண்ணைகள் பக்கம் நடந்து பாருங்கள். பாப்லர் வரிசைக்கு அடியில் ஒரு ஆள் மதகுப் பலகையைத் தூக்கிக்கொண்டிருப்பார். வயலுக்குள் தண்ணீர் இறங்கிக்கொண்டிருக்கும்.